அருவாளுக்குப் பயந்து பூட்டைத் திறந்த அப்பா, குற்றப்பத்திரிகையில் மூன்றாவது எதிரி

#1 சிம்மக்கல்_பையன்

வக்கீல்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 61 வயசு. 35 வருஷமாகச் சாவி போடுகிறார். கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நடைபாதை ஓரம், ஒரு மரப்பெட்டி, ஒரு குடை, ஆணியில் தொங்கும் பிளாங்க் சாவிகள், அவ்வளவுதான். ராத்திரியில் சாவியைத் தொலைத்தவர்கள் வீட்டுக்கே வந்து கூப்பிடுவார்கள், இவரும் போவார்.

போன ஐப்பசியில் நல்ல மழை. ராத்திரி பத்தரைக்கு ரெண்டு பேர் பைக்கில் வந்து, கோடவுன் சாவி தொலைந்துவிட்டது, விடிகாலையில் சரக்கு வருகிறது என்றார்கள். அப்பா டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து போனார். மாட்டுத்தாவணியைத் தாண்டி ஒரு எலக்ட்ரிக்கல் சாமான் கோடவுன். அங்கே போனதும் அவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. "போர்டுல இருக்க நம்பருக்கு ஓனரை ஒரு போன் போடச் சொல்லுங்க தம்பி" என்றாராம். உடனே பின்னால் இருந்தவன் சட்டையைத் தூக்கி அருவாளை உருவிப் பிடரியில் வைத்துவிட்டான். இன்னொருத்தன் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

திறந்து கொடுத்தார். ஒரு குட்டியானை வந்தது, காப்பர் ஒயர் பண்டல்களை ஏற்றினார்கள். முடிகிற வரைக்கும் இவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். திரும்பி வந்து எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டபோது சட்டைப் பையில் 500 ரூபாயைத் திணித்து, "வீடு தெரியும், பேத்தி எந்த ஸ்கூல்னும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா யாரிடமும் மூச்சு விடவில்லை, அம்மாவிடம்கூட. ஒன்பதாவது நாள் போலீஸ் வந்தது. கேமராவில் பைக் பதிவாகியிருந்தது, நடுவில் அப்பா.

இப்போது அவர்தான் மூன்றாவது எதிரி. ஜாமீனில் இருக்கிறார். பயந்து செய்ததற்குச் சட்டத்தில் வழியே இல்லையா?

#2 கோரிப்பாளையம்_ஜமால்

தம்பி, படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. "எதிரி" என்ற வார்த்தையைப் பார்த்து அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நம்மூர் போலீஸ், கோர்ட் காகிதங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் எழுதுவார்கள். என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள்?

#3 சிம்மக்கல்_பையன்

பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதுத் தண்டனைச் சட்டம்) 331(4), 305, கூடவே 3(5). ராத்திரியில் பூட்டை உடைத்து நுழைந்தது, கோடவுன் திருட்டு, எல்லாரும் ஒரே எண்ணத்தோடு செய்தது என்று அர்த்தமாம்.

#4 ஒத்தக்கடை_கறுப்புக்கோட்டு

தம்பி, இதை இரண்டு தடவை படித்தேன். காரணம் இருக்கிறது.

உங்கள் அப்பாவுக்கான பிரிவு பி.என்.எஸ். 32. உயிருக்குப் பயந்து செய்தது குற்றமில்லை என்று விலக்குக் கொடுக்கும் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 94. மெக்காலே தலைமையில் 1837ல் வரைவு போட்டு, 1860ல் சட்டமாகி, 1862 ஜனவரி 1ல் அமலுக்கு வந்த சட்டம் அது. அந்தப் பிரிவுக்குக் கீழே இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டாவதைச் சொல்கிறேன், கேளுங்கள். கொள்ளைக்கூட்டம் ஒரு கொல்லரைப் பிடித்துக்கொண்டு போய், உடனே கொன்றுவிடுவோம் என்று மிரட்டி, அவருடைய கருவிகளை எடுத்து வரச்செய்து, ஒரு வீட்டுக் கதவைத் திறக்க வைக்கிறது. அந்தக் கொல்லருக்கு இந்த விலக்கு உண்டு.

165 வருஷத்துக்கு முன்னால் எழுதியது. ஏதோ உங்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருக்கிறதா இல்லையா? 2024 ஜூலை 1ல் புதுச் சட்டம் வந்தபோது பிரிவு எண்தான் மாறியது, கொல்லர் அப்படியே இருக்கிறார்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடாதீர்கள். பிரிவு 32 ரொம்ப ஒடுக்கமான வாசல். மிரட்டல் உயிருக்கானதாக இருக்க வேண்டும். "உடனடி மரணம்" என்றுதான் சட்டம் சொல்கிறது. கையை உடைப்பேன், வேலையை விட்டுத் தூக்குவேன், ஊரில் தலைகாட்ட விடமாட்டேன் என்பதெல்லாம் சேராது. அந்தப் பயமும் செயலைச் செய்கிற அந்த நேரத்தில் இருந்திருக்க வேண்டும், நியாயமான பயமாகவும் இருக்க வேண்டும். தானாகப் போய் அந்த இக்கட்டில் மாட்டியிருக்கக் கூடாது. கொலைக்கும், தூக்குத் தண்டனை விதிக்கக்கூடிய அரசுக்கு எதிரான குற்றங்களுக்கும் இந்த விலக்கே கிடையாது.

#5 ரிட்டயர்டு_ஏட்டு

வக்கீல் சார் கதையை அழகாக முடித்துவிட்டார். நான் 31 வருஷம் காக்கி போட்டவன். பூட்டு திருட்டில் பிடிபட்ட சாவிக்காரன் எவனும் "ஆமாம், பங்கு வாங்கினேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லார் கழுத்திலும் அருவாள் இருந்ததாம்.

மூன்று கேள்வி கேட்கிறேன், பையன் கோபப்படக் கூடாது. ராத்திரி பத்தரைக்கு முன்பின் தெரியாதவனோடு ஏன் போனார்? 500 ரூபாயை ஏன் வைத்துக்கொண்டார்? ஒன்பது நாள் ஏன் வாய் திறக்கவில்லை? கோர்ட்டில் ஏ.பி.பி. (அரசு வக்கீல்) இதைத்தான் கேட்பார்.

#6 வைகை_வடகரை

ஏட்டய்யா, சாவிக்காரர் ராத்திரி கூப்பிட்டால் போகாமல் ஆதார் கார்டு கேட்டுக்கொண்டா நிற்பார்? போன சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்கப் போய் நான் வீட்டுச் சாவியைத் தொலைத்தேன். ராத்திரி ஒன்றரைக்கு ஒரு பெரியவர் வந்து திறந்துவிட்டார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். கொள்ளைக்கூட்டம் என்றால் ஐந்து பேர் வேண்டுமே. இங்கே ரெண்டு பேர்தானே?

#7 ஒத்தக்கடை_கறுப்புக்கோட்டு

வைகை, நல்ல கேள்வி. கூட்டுக்கொள்ளை என்ற குற்றத்துக்குத்தான் ஐந்து பேர் கணக்கு. 32ன் மூலப் பிரிவில் ஆள் எண்ணிக்கையே கிடையாது. கொல்லர் கதை விளக்கத்துக்காகச் சொன்ன உதாரணம் மட்டுமே. ஒருத்தன் மிரட்டினாலும் பொருந்தும்.

ஏட்டய்யா கேட்டது சரியான கேள்விகள்தான். மூன்றுக்கும் எடை ஒன்றில்லை.

முதல் கேள்வி லேசானது. அப்பா தானாகப் போனது பூட்டுத் திறக்கும் வேலைக்கு. அந்த ஆட்கள் யார் என்று தெரிந்து போகவில்லை. தெரிந்தே போனவருக்குத்தான் சட்டம் கதவைச் சாத்துகிறது. தன் தொழிலுக்குக் கிளம்பினவர் இக்கட்டைத் தேடிப் போனவர் ஆகமாட்டார்.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் கனம். ஒன்பது நாள் பேசாமல் இருந்ததற்காக முன்பே நடந்து முடிந்த செயலின் விலக்கு போய்விடாது. செயல் நடந்த நிமிஷத்தில் பயம் இருந்ததா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. ஆனால் நீதிபதியும் மனுஷர்தானே, "உண்மையிலேயே மிரட்டினார்கள் என்றால் மறுநாள் ஸ்டேஷனுக்குப் போயிருப்பாரே" என்று நினைப்பார். பேத்தி ஸ்கூல் விஷயம் அதற்குப் பதில். அதை அப்பாவே கோர்ட்டில் சொல்ல வேண்டும்.

இரண்டாவதுதான் முள். 500 ரூபாய். பயந்தவனுக்கு எவனாவது கூலி கொடுப்பானா என்று அரசுத் தரப்பு கேட்கும். தம்பி, அந்த நோட்டு என்ன ஆச்சு?

#8 மேலூர்_வாணி

இந்த இழையில் ஒரு ஓரமாக நானும் புலம்பிக்கொள்கிறேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். முதலாளி பொய் ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார். போடாவிட்டால் வேலை இல்லை, உன் தம்பி எந்த பஸ்ஸில் காலேஜ் போகிறான் என்று தெரியும் என்றார். போட்டேன். பின்னால் கேஸ் ஆனபோது என்னையும் சேர்த்தார்கள். அப்போது ஒரு வக்கீல் சிரித்துக்கொண்டே சொன்னார், "உங்க கழுத்துல கத்தி இல்லையேம்மா" என்று. கடைசியில் என் பெயரை நீக்கினார்கள், ஆனால் பயந்ததற்காக இல்லை, வேறு காரணத்துக்காக.

என் கேள்வி இதுதான். என் உயிரை எடுப்பேன் என்றால் விலக்கு. என் தம்பியின் உயிரை எடுப்பேன் என்றால்?

#9 ஒத்தக்கடை_கறுப்புக்கோட்டு

வாணி அக்கா, இந்தப் பிரிவில் எனக்குப் பிடிக்காத இடமே அதுதான். உயிர் போகும் என்ற பயம் "அந்த நபருக்கு", அதாவது செய்கிறவருக்கே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பெற்ற பிள்ளை கழுத்தில் கத்தியை வைத்து "கையெழுத்துப் போடு" என்றால், எழுத்துப்படி பார்த்தால் 32 உதவிக்கு வராது. பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்ததைப் பற்றிய பிரிவு 19ஐப் பிடித்து வாதாடலாம். இல்லாவிட்டால் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். எந்த அம்மாவிடமாவது போய் "உன் உயிருக்கு ஆபத்து இல்லையே" என்று சொல்ல முடியுமா?

இங்கிலாந்தில் வாசல் கொஞ்சம் அகலம். கொலை மிரட்டல் மட்டுமில்லை, படுகாயம் ஏற்படுத்துவேன் என்ற மிரட்டலும் போதும். மிரட்டல் குடும்பத்தார் மேல் இருந்தாலும் கணக்கில் எடுப்பார்கள். 1971ல் ஹட்சன், டெய்லர் என்று இரண்டு இளம்பெண்கள் வழக்கு. கோர்ட்டில் உண்மையைச் சொன்னால் வெட்டிவிடுவோம் என்று ஒரு கும்பல் அவர்களை மிரட்டியிருந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிப் பார்த்தால், மிரட்டினவர்களில் ஒருத்தன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பொய் சொல்லிவிட்டார்கள். பொய்ச் சாட்சி என்று தண்டித்ததை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கேயே வெட்ட மாட்டான், ஆனால் அன்று ராத்திரி தெருவில் வெட்டுவான், அதுவும் பயம்தான் என்றார்கள். நம்மூர்ப் பிரிவில் "உடனடி" என்ற ஒரு சொல்லிலேயே அந்தப் பெண்கள் தோற்றிருப்பார்கள். 2005ல் ஹசன் வழக்குக்கு அப்புறம் அங்கேயும் இறுக்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

#10 வைகை_வடகரை

கொலைக்கு ஏன் விலக்கு கிடையாது? அருவாள் என் கழுத்தில் இருக்கும்போது "நீ செத்துப் போ, ஆனால் அவனைக் கொல்லாதே" என்று சட்டம் எனக்குச் சொல்கிறது. சட்டம் எழுதினவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் செத்திருப்பாரா?

#11 ரிட்டயர்டு_ஏட்டு

அப்படி விட்டுவிட்டால் கூலிப்படைக்காரன் ஒவ்வொருத்தனும் "தலைவர் மிரட்டினார்" என்பான். தலைவர் கையில் ரத்தம் இருக்காது. வெட்டினவனுக்கும் விடுதலை. நல்லா இருக்கே!

#12 ஒத்தக்கடை_கறுப்புக்கோட்டு

இந்தச் சண்டையை லண்டனில் பிரபுக்கள் சபையே போட்டிருக்கிறது (அப்போது அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்). 1975ல் லிஞ்ச் வழக்கு. வட அயர்லாந்தில் ஆயுதம் தாங்கினவர்கள் மிரட்டினதால் வண்டி ஓட்டினேன், அவர்கள் போய் ஒரு போலீஸ்காரரைச் சுட்டார்கள் என்றார் அவர். கொலைக்கு உடந்தையாக இருந்தவர் இந்த வாதத்தை வைக்கலாம் என்றது சபை. 12 வருஷம் கழித்து, 1987ல் ஹோவ் வழக்கில், அதே சபை அதைத் தூக்கிப்போட்டது. கொன்றவருக்கும் கிடையாது, உதவினவருக்கும் கிடையாது.

அதைவிட என்னைத் தூங்கவிடாத வழக்கு எர்டெமோவிச். 1995ல் போஸ்னியாவில் நடந்த ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையில் சுட்டவர்களில் ஒரு சிப்பாய். மறுத்தால் நீயும் அவர்களோடு போய் நில் என்றார்களாம். அவர் சாவதால் ஒரு உயிரும் பிழைக்கப் போவதில்லை, வேறு ஒருத்தன் சுட்டிருப்பான். சர்வதேசத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டில் நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். பெரும்பான்மை, அப்பாவிகளைக் கொன்றதற்கு மிரட்டல் முழு விலக்கு ஆகாது, தண்டனையைக் குறைக்கத்தான் உதவும் என்றது. கடைசியில் 5 வருஷம். வைகை, நான் ஏட்டய்யா பக்கம்தான் சாய்கிறேன். முழு மனசோடு சாய்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

#13 அவனியாபுரம்_மாப்ள

பெரிய பெரிய கேஸ் பேசுகிறீர்கள், நம்மூர் ஆட்டுத் திருட்டு ஒன்று சொல்லட்டுமா. என் பங்காளி ஒருத்தன், குட்டியானை ஓட்டுகிறவன். கூடக் குடிக்கிறவர்கள் ஆடு திருடுகிறவர்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான், அடித்துத் துவைத்துவிடுவோம் என்றதும் போய்விட்டான். நாலு ஆட்டோடு திருமங்கலம் ரோட்டில் மாட்டினான். அவனுக்கும் இந்த 32 உண்டா?

#14 ஒத்தக்கடை_கறுப்புக்கோட்டு

இல்லை மாப்ள. முதல் விளக்கம் உங்கள் பங்காளிக்காகவே எழுதினது. ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்தே தானாகச் சேர்ந்தாலும், அடிக்குப் பயந்து சேர்ந்தாலும், பின்னால் கூட்டாளிகள் கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது. அடி தாங்கிக்கொள்ளலாம் என்பது சட்டத்தின் நினைப்பு. உசிலம்பட்டிப் பக்கம் அடி எப்படி விழும் என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தெரியாது போல.

#15 அவனியாபுரம்_மாப்ள

சரி, 32 கைகொடுக்காது என்று பங்காளியிடம் சொல்லிவிடுகிறேன். 😐

#16 ரிட்டயர்டு_ஏட்டு

பையனுக்கு நல்லதாக ஒரு யோசனை. அப்பாவை அப்ரூவர் ஆக்கிவிடுங்கள். 331(4)ல் திருட்டு சேர்ந்தால் 14 வருஷம் வரைக்கும் போகும், அதனால் மன்னிப்புக் கொடுக்க வழி உண்டு. மற்ற ரெண்டு பேரைக் காட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

#17 ஒத்தக்கடை_கறுப்புக்கோட்டு

ஏட்டய்யா நல்ல மனசோடு சொல்கிறார், ஆனால் நான் இருந்தால் செய்யமாட்டேன். அப்ரூவர் என்றால் "குற்றத்தில் நானும் கூட்டு, மன்னியுங்கள்" என்று சொல்வது. 32 என்றால் "நான் செய்தது குற்றமே இல்லை" என்று சொல்வது. ஒரே வாயால் இரண்டையும் சொல்ல முடியாது. தவிர, சாட்சிக் கூண்டில் வேண்டுமென்றே எதையாவது மறைத்தார், பொய் சொன்னார் என்று ஆகிவிட்டால் மன்னிப்பு போய்விடும். 61 வயசுக்காரரை அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது.

இங்கே ஒத்தக்கடையில் ஹைகோர்ட் கிளைக்கு வந்து வழக்கையே ரத்து செய்யக் கேட்கலாமா என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அருவாள் இருந்ததா இல்லையா என்பது சாட்சி விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியது. பெரும்பாலும் "கீழே போய்ச் சொல்லுங்கள்" என்று திருப்பிவிடுவார்கள். காசும் காலமும்தான் வீண்.

#18 சிம்மக்கல்_பையன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவை உட்கார வைத்துப் பேசினேன். இத்தனை நாளில் முதல் தடவையாக முழுசாகச் சொன்னார்.

அந்த 500 ரூபாய் செலவாகவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாராம். கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, அந்தக் காசில் அரிசி வாங்கவும் மனசு வரவில்லை என்றார். போலீஸ் கேட்டதும் அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். மகஜரில் "சாமி படத்தின் பின்புறமிருந்து" என்றே எழுதியிருக்கிறது.

இன்னொன்று. பூட்டைத் திறக்கும்போது கம்பி உள்ளே உடைந்துவிட்டதாம். இதைச் சொல்லும்போதுதான் அவர் கண் கலங்கியது, அருவாளைச் சொன்னபோது இல்லை. "35 வருஷத்துல பூட்டுக்குள்ள கம்பியை விட்டதில்லடா" என்றார். சாதாரணமாக அந்த மாதிரி திண்டுக்கல் பூட்டை ரெண்டு நிமிஷத்தில் திறப்பாராம், ஒரு கீறல் விழாமல். அன்றைக்குக் கை ஆடி ஆடி, சாவித் துளையைச் சுற்றி எலி சுரண்டின மாதிரி ஆக்கிவிட்டாராம். இரண்டாவது கம்பியைப் போட்டுத்தான் திறந்திருக்கிறார்.

#19 ரிட்டயர்டு_ஏட்டு

பையா, அந்தப் பூட்டைக் கைப்பற்றியிருக்கிறார்களா?

#20 சிம்மக்கல்_பையன்

ஆமாம் சார். பூட்டு, உள்ளே இருந்த கம்பித் துண்டு, அப்பாவின் டூல் பெட்டி எல்லாமே கோர்ட்டில் இருக்கிறது.

#21 ரிட்டயர்டு_ஏட்டு

அப்படியென்றால் நான் முன்னால் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பங்குக்குப் போகிற சாவிக்காரன் பூட்டைச் சுரண்டமாட்டான், பூப்போலத் திறந்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டும் வருவான். அப்போதுதான் திருட்டுப் போனது தெரியவே நாலு நாள் ஆகும். பங்கும் 500 ரூபாயாக இருக்காது.

#22 ஒத்தக்கடை_கறுப்புக்கோட்டு

ஏட்டய்யா வாயிலிருந்தே வந்துவிட்டது.

தம்பி, விலக்கு இருக்கிறது என்று காட்டும் பாரம் நம் தலையில்தான். புதுச் சாட்சியச் சட்டம் 108 அதைத்தான் சொல்கிறது. ஆனால் அரசுத் தரப்பு மாதிரி சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். 1964லேயே தாஹ்யாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அளவைச் சொல்லிவிட்டது. அது மனநிலை பற்றிய வழக்கு, அளவுகோல் இதற்கும் அதேதான்.

போலீஸிடம் அப்பா என்ன சொன்னார் என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அங்கே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. நீதிபதி நேரடியாகக் கேள்வி கேட்கும் கட்டம் வரும். அப்போது "பொய் வழக்கு" என்ற ஒற்றை வார்த்தையோடு நிறுத்திவிட வேண்டாம். வேண்டுமானால் அப்பாவே சாட்சியாகக் கூண்டில் ஏறலாம். போர்டு நம்பர், போன் பிடுங்கினது, சுவரைப் பார்த்து உட்கார்ந்தது, ஸ்கூல் பேச்சு, சாமி படம் எல்லாம் ஒரே வரிசையில் வரட்டும். கோடவுன் ஓனரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது பூட்டைக் கையில் கொடுத்து, கீறல் புதுசா பழசா என்று கேட்கச் சொல்லுங்கள். வேறொரு அனுபவசாலியான சாவிக்காரரையும் நம் தரப்பு சாட்சியாக அழைக்கலாம்.

#23 சிம்மக்கல்_பையன்

ரொம்ப நன்றி சார். கடைசியாக ஒன்று. டூல் பெட்டி இல்லாமல் அப்பா ஆறு மாசமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அரம் எல்லாம் தாத்தா காலத்தில் வாங்கினது. திரும்ப வாங்க முடியுமா?

#24 ஒத்தக்கடை_கறுப்புக்கோட்டு

முடியும். வழக்கு முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இடைக்காலத்திலேயே சொத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். பிழைப்புக்கான கருவி என்று எழுதுங்கள், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏ.பி.பி. ஆட்சேபிப்பார், பரவாயில்லை. பட்டியலில் அரம், சுத்தி, குறடு, பிளாங்க் சாவி எல்லாம் ஒன்றுவிடாமல் இருக்கட்டும். அந்தப் பூட்டையும் உடைந்த கம்பித் துண்டையும் மட்டும் கேட்காதீர்கள். அப்பாவே கேட்டாலும் கேட்காதீர்கள். அது கோர்ட்டிலேயே கிடக்கட்டும்.

#25 சிம்மக்கல்_பையன்

சரி சார். அடுத்த வாய்தா 14ஆம் தேதி. மனுவோடு வருகிறோம்.